இருபத்தெட்டு அடிக்குக் கீழ

இல்ல மேடம், அந்த ஓரத்துல நிக்காதீங்க, அந்தக் கல்லு ஆடும். இந்தப் பக்கமா வாங்க. ஆங், இங்க நின்னு எவ்வளவு நேரம் வேணும்னாலும் எட்டிப் பாருங்க, ஒண்ணும் ஆகாது. கெணறு பழசுதான், சுவரு கெட்டி. மக கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வருஷம் நானே ஆளு வெச்சுப் பூசிக் குடுத்தேன். கொஞ்சம் மெதுவாப் பேசிக்குவோமா? அவ உள்ள படுத்திருக்கா. ஏழு மாசம். ரெண்டு நாளாக் கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. நீங்க கெணத்துத் தண்ணியச் சோதிக்க வந்திருக்கீங்கன்னு அவளுக்குத் தெரியாது. மோட்டார் பாக்க ஆள் வந்திருக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். மாப்பிள்ள லாரி எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு, வர நாலு நாள் ஆகும். வீட்ல இப்ப நானும் அவளும்தான். அதனால எதுவா இருந்தாலும் மொதல்ல என்கிட்ட சொல்லுங்க. எதுவா இருந்தாலும்.

எத்தன வருஷம் வேல பாத்தேன்னு கேட்டீங்கல்ல. முப்பத்தொண்ணு. அதோ மேட்டுல தெரியுது பாருங்க, உங்க ஆளுங்க மெஷினப் போட்டு மண்ணத் தொளைக்கிறாங்களே, அந்த பெட்ரோல் பங்க்குலதான். வண்டிக்குப் போடுற வேல இல்ல எனக்கு. தொட்டி வேல. தொட்டி பூமிக்குள்ள பொதஞ்சு கெடக்குது, உள்ள எவ்வளவு இருக்குன்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் டிப். பித்தளையில ஆள் ஒசரத்துக்கு ரெண்டு மடங்கு கம்பி, நெடுகக் கோடு போட்டிருக்கும். மூடியத் திருகி எடுத்துட்டு, கம்பிய உள்ள விட்டு, அடியத் தொட்டதும் வெளிய இழுத்து, எந்தக் கோடு வரைக்கும் நனஞ்சிருக்குன்னு பாக்கணும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. லாரி வந்தா எறக்கறதுக்கு முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு. எனக்கு அப்பா அம்மா வெச்ச பேரு இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. டிப்புக்காரர்னாதான் தெரியும். என் பொண்டாட்டி இருந்த வரைக்கும் அவளே வாசல்ல நின்னுகிட்டு, டிப்புக்காரரே, சாப்பிட வர்றீங்களா, இல்ல அங்கயே குடிச்சு வயித்த ரொப்பிக்கிட்டீங்களான்னு கத்துவா.

சிரிக்கிறீங்க. சிரிங்க. நான்தான் காலையில இருந்து இந்தக் கெணத்தையே சுத்திச் சுத்தி வர்றேன்.

அது என்னது மேடம், துணி அளக்கிற டேப்பு மாதிரி? நுனியில குண்டு தொங்குது. ஓ, இத உள்ள விட்டா சத்தம் போடுமா? விட்டு விட்டுக் கத்தினா தண்ணி. சரி. நிக்காம ஒரே இழுப்பாக் கத்தினா? தண்ணி மேல எண்ணெய் மெதக்குதுன்னு அர்த்தமா. அப்படிங்களா. அப்ப இப்பவே தெரிஞ்சிடும், இந்த நிமிஷமே.

ஒரு நிமிஷம் இருங்க. விடாதீங்க. கைய எடுங்க மேடம், தயவுபண்ணி. அத விடறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன். சொல்லாம அந்தச் சத்தத்தக் கேட்டா எனக்கு இங்கயே ஏதாவது ஆயிடும்.

போன மாசம் அந்தத் தொட்டியத் தோண்டி வெளிய எடுத்தாங்கல்ல, நானும் வேடிக்க பாக்கப் போயிருந்தேன். நான் வேலைய விட்டு நாலு வருஷமாச்சு, இருந்தாலும் மனசு கேக்கல, நம்ம தொட்டியாச்சே. கிரேன்ல தூக்கி, திருப்பி, ஓரமா வெச்சாங்க. உங்க ஆபீசுல ஒரு பெரியவரு, தல நரச்சவரு, அவருதான் குனிஞ்சு அடிப்பக்கத்த வெரலால தடவிக்கிட்டே வந்தாரு. ஒரு எடத்துல நிறுத்தினாரு. சின்ன ஓட்ட. சுண்டு வெரல் நுனி போகும், அவ்வளவுதான். நான் மேல பாத்தேன், கீழ பாத்தேன். கம்பி விடுற கொழாய்க்கு நேர் கீழ மேடம். ஒரு நூல் பிசகல. என் கம்பி விழுற எடம்.

மத்தவங்க கம்பிய விடும்போது தூங்குற கொழந்தயக் கீழ கெடத்துற மாதிரி மெதுவா விடுவாங்க. அது அடியத் தொட்டுச்சா இல்ல பாதியில நின்னுச்சான்னு அவங்களுக்கே தெரியாது. நான் அப்படி இல்ல. கடைசி ஒரு சாண் இருக்கும்போது கைய விட்டுடுவேன். டங்குன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அந்தச் சத்தம் வந்தாதான் எனக்குத் திருப்தி. முதலாளி உள்ள உக்காந்துகிட்டே, டிப்புக்காரர் வந்துட்டாரு, மணி ஆறுன்னு சொல்லுவாரு. எனக்கு அவ்வளவு பெருமையா இருக்கும்.

உங்க பெரியவரு எனக்குப் புரியற மாதிரி சொன்னாரு. இரும்புல லேசாத் துரு ஏறுமாம். நான் டங்குன்னு போட்டா அந்தத் துரு உதிர்ந்து புது இரும்பு வெளிய தெரியுமாம். அதுவும் துருப் பிடிக்குமாம், மறுபடி நான் அடிச்சு உதிர்ப்பேனாம். வருஷக் கணக்கா அதே எடத்துல. முப்பதாயிரம் தடவைக்கு மேல இருக்கும்னு சொல்லிட்டு, என்னப் பாத்து, உங்க தப்பு இல்லைய்யா, அந்த எடத்துல ஒரு தகடு வெச்சு ஒட்ட வெச்சிருக்கணும், இந்தத் தொட்டியில வெக்காம விட்டிருக்காங்கன்னாரு. நல்ல மனுஷன். தகடு இல்லன்னாலும் கை என் கைதானே.

ஒழுகறது எனக்கு அப்பவே தெரியுமான்னா, தெரியாது. தெரியாதுன்னும் சொல்ல முடியாது. கடைசி ரெண்டு மூணு வருஷமா ராத்திரி பூட்டிட்டுப் போறப்ப ஒரு கோடு இருக்கும், காலையில கொஞ்சம் எறங்கியிருக்கும். ஒரு கொடம் அளவு இருக்கலாம். முதலாளிகிட்ட சொன்னா ஆவியாப் போயிருக்கும்யா, வெயிலப் பாருங்கறாரு. சரி, வெயிலு. மழக்காலத்துல கம்பியோட நுனியில ஒரு பசை தடவி விடுவோம், தண்ணி பட்டாச் செவந்துடும். அது செவப்பா வந்துச்சு. அதாவது, உள்ள இருந்து பெட்ரோல் வெளிய போற ஓட்ட வழியா, குழி நெறஞ்சா மழத்தண்ணி உள்ள வருது. இப்பப் புரியுது. அப்ப முதலாளி, மூடி வழியா எறங்கியிருக்கும்யான்னாரு. நானும் மூடிக்குப் புது வாஷர் வாங்கிப் போட்டேன். அந்த வாஷர் போட்ட அன்னைக்கு எனக்கு என்னமோ நாட்டையே காப்பாத்தின மாதிரி நெனப்பு.

அப்படியே ஒழுகினாலும் மண்ணு குடிச்சிடும்னுதான் மேடம் எல்லாரும் பேசிக்குவோம். கீழ சிந்தினதுக்கு மேல ரெண்டு வாளி மண்ணப் போட்டா குடிச்சிடுதுல்ல. அதே மண்ணுதானே கீழயும் இருக்குன்னு. நீங்க வந்தப்ப மொதல்ல சொன்னீங்களே, மண்ணு குடிக்கும், ஆனா ஒரு அளவுக்குத்தான், பஞ்சு குடிச்ச மாதிரி பிடிச்சு வெச்சுக்கும், அதுக்கு மேல வர்றதக் கீழ விட்டுடும்னு. அது எறங்கி எறங்கித் தண்ணியத் தொட்டதும் அதுக்கு மேல கீழ போகாது, தண்ணி மேல மெதந்துகிட்டுப் பரவும்னு. அதுல ஒரு பங்கு தண்ணியிலயே கரஞ்சு, தண்ணி எந்தப் பக்கம் நடக்குதோ அந்தப் பக்கம் கூடவே நடக்கும்னு. எனக்குப் படிப்பு அஞ்சாங்கிளாஸ்தான், ஆனா நீங்க சொன்னது ஒரு எழுத்து விடாம மனசுல நிக்குது. தண்ணி எந்தப் பக்கம் நடக்கும்? தெருவப் பாருங்க. பங்க்கு மேட்டுல. அதுக்குக் கீழ மரவேல செய்யறவரு கொட்டா. அதுக்கும் கீழ முடி வெட்டுறவரு கட, அது ஆறு படி எறங்கித் தரைக்குக் கீழ இருக்கு. அப்புறம் பூட்டிக் கெடக்குற ரெண்டு வீடு. அப்புறம் நாங்க.

இன்னொன்னு. ஆறு வருஷம் முன்னாடி தெருவுல சாக்கடக் கொழாய் பதிச்சாங்க. பள்ளம் வெட்டி, கொழாயச் சுத்தி ஆத்து மணலப் போட்டு மூடினாங்க. களிமண்ணுக்குள்ள அது பாட்டுக்கு ஒரு மணல் ஓட. பங்க்கு வாசல்ல ஆரம்பிச்சு இதோ, இந்தச் சுவருக்கு அந்தாண்ட வரைக்கும். நீங்க வரைபடத்துல அத வெரல் வெச்சுக் காட்டினதும் எனக்குக் கை காலு ஓடல. களிமண்ணுல வருஷத்துக்கு நாலு அடி நகர்றது அந்த மணல்ல எவ்வளவு நகரும்னு கேட்டேன், நீங்க பேனாவ மூடினீங்க.

சரி. சொல்லிட்டேன். விடுங்க. நான் இப்படிச் சுவத்தப் பிடிச்சுக்கறேன்.

பத்து அடி. பதினஞ்சு. நீங்க எண்ணாதீங்க, நான் எண்றேன், கோடு எண்றதுதான் எனக்குத் தெரிஞ்ச தொழில். இருபது. இருபத்தஞ்சு. கோடைன்னா முப்பத்தி ரெண்டு வரைக்கும் போகும், இப்ப மழ பேஞ்சிருக்கு. இருபத்தாறு. இருபத்தேழு. மெதுவா மேடம்.

கத்துது.

விட்டு விட்டுத்தான் கத்துது. இல்ல? விட்டு விட்டுத்தானே? இன்னொரு தடவ தூக்கிப் போடுங்க. இருபத்தெட்டு. ஆமா, விட்டு விட்டுத்தான். தண்ணிதான். அப்பா. போன உசுரு வந்துச்சு மேடம். கொஞ்சம் இருங்க, இப்படி உக்காந்துக்கறேன். மெதக்கல. ஒண்ணும் மெதக்கல. அப்ப முடிஞ்சுதுல்ல? டேப்பச் சுத்துங்க, உங்களுக்கு ஒரு டீ போடச் சொல்றேன், குடிச்சிட்டுக் கெளம்புங்க.

ஏன், பொட்டியத் தொறக்கறீங்க?

ஓ. மெதக்கறதுதான் அந்த டேப்புக்குத் தெரியுமா. கரஞ்சு கெடக்கறது தெரியாதா. கரஞ்சது கண்ணுக்கும் தெரியாதா. பளிங்கு மாதிரி இருக்கும், ஆனா உள்ள இருக்கும். பெட்ரோல்ல இருக்கற விஷம்னு நீங்க சொன்ன அந்தப் பேரு, பென்சீனோ என்னமோ, அது. ஆமா, ஆமா, நான் மெதக்கறதையே நெனச்சுகிட்டு இருந்துட்டேன்.

இவ்வளவு சின்னக் குப்பியா? எங்க வீட்ல காய்ச்சல் மருந்து குப்பியே இதவிடப் பெருசு. எத்தன, மூணா? விளிம்பு வழியற வரைக்கும் ரொப்பறீங்க. எதுக்குத் தலகீழாக் கவுத்துத் தட்டறீங்க? குமிழி இருக்கான்னு பாக்கறதா. இருந்தா என்ன? அந்தக் குமிழிக்குள்ள தண்ணியில இருக்கறது ஆவியா ஏறி ஒளிஞ்சுக்கும், தண்ணியில கணக்குக் கொறச்சலா வரும். ஒரு கடுகளவு குமிழிக்கேவா? அவ்வளவு அவசரமா ஏறுமா அது?

அப்ப ஒரு சந்தேகம் மேடம். தண்ணியக் கொதிக்க வெச்சா? கொதிக்க வெச்சா எல்லாம் செத்துடும்னு சொல்லுவாங்களே. ம். சாகறதுக்கு அது பூச்சி இல்ல. சரி. ஆவியா வெளிய வந்துடும். வெளியன்னா, சமையக்கட்டுக்குள்ள. கதவச் சாத்தியிருந்தா அதத்தான் மூச்சுல இழுக்கணும். வென்னீர்ல குளிச்சாலும் அப்படித்தானா. மேடம், அவளுக்கு இடுப்பு வலி, தெனம் ரெண்டு வேள வென்னீர். கதவச் சாத்திக்கிட்டு அர மணி நேரம். அந்தக் கொதிக்க வெக்கிற யோசன நான் குடுத்ததுதான்.

எவ்வளவு நாள் ஆகும் முடிவு வர? பத்து நாளா. பத்து நாளும் அவ இதையா குடிக்கணும்? இல்லல்ல, புரியுது, வேற தண்ணி குடுக்கச் சொல்றீங்க. குடுக்கறேன். வாங்கிக் குடுக்கறேன். எதுக்குன்னு கேப்பா.

எழுதிக்கோங்க. கெணறு ஆழம் நாப்பது அடி. குடிக்கறவங்க மூணு பேரு. மூணரன்னு போடுங்க. வருஷம் பூராவும் தண்ணி இருக்கும். மோட்டார் காலையில அர மணி, சாயங்காலம் அர மணி. ஓ, மோட்டார் போட்டா அதுவே இழுக்குமா? எல்லாத்தையும் நம்ம பக்கம் இழுக்குமா. அதையும் எழுதிக்கோங்க.

வாசனையா?

ஃபாரத்துல அந்தக் கட்டத்த இப்போதைக்குச் சும்மா விட்டு வைங்க. கேள்வி ரொம்ப லேசா இருக்கு, ஆமா இல்லன்னு ரெண்டே கட்டம். சொல்றேன்.

உங்க ஆபீசுக்கு எழுதிப் போட்டது அந்த முடி வெட்டுறவருன்னு தெருவுக்கே தெரியும். அவரு கடையில மூணு மாசமாத் தல வலி, மயக்கம். வர்றவங்க நாற்காலியில உக்காந்ததும் தூங்கிடறாங்க, கூலி குடுக்காம ஓடறதுக்கு அது ஒரு புது வழின்னு மொதல்ல சிரிச்சுகிட்டு இருந்தாரு. அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு. ஒரு நாள் என்னக் கூட்டிட்டுப் போயி மூலையில வெடிப்பக் காட்டி, அண்ணே, மோந்து பாருங்கன்னாரு. குனிஞ்சேன். பாத்தேன். ஒண்ணும் இல்லப்பா, நீ தலைக்குத் தடவுற தைலம்தான்னு சொன்னேன். அவரு என்னையே பாத்தாரு. மறுநாள் உங்களுக்கு எழுதிட்டாரு. தெருவுல என் பேச்ச நம்பாத ஒரே ஆளு அவருதான். நல்லவேள.

மத்தவங்க எல்லாம் நம்பறாங்க மேடம். இந்தத் தெருவுல எது நாறினாலும் என்கிட்டதான் தூக்கிட்டு வருவாங்க. கேஸ் ஒழுகுதா பாருங்க டிப்புக்காரரே, இந்த எண்ணெய் கெட்டுப் போச்சா சொல்லுங்க, வண்டியில புக வேற மாதிரி வருதேன்னு. முப்பது வருஷம் பெட்ரோல்லயே ஊறின மூக்குன்னு பேரு. அதுவும் பொய்ச்சதே இல்ல. பொய்ச்சதே இல்லன்னா எப்படின்னு கேளுங்க.

எனக்கு மூக்கு கண்ணாடி மாட்டிக்க மட்டும்தான் மேடம். வாசன தெரியாது. பதினோரு வருஷமாச்சு.

ஒரே நாள்ல போகல. கொஞ்சம் கொஞ்சமா. ஒரு தடவ லாரியில இருந்து எறக்கும்போது ஹோஸ் நழுவி என் சட்ட பூரா நனஞ்சுது. காஞ்சு போச்சுன்னு நெனச்சு வீட்டுக்கு வந்து அடுப்பு பக்கத்துல உக்காந்துட்டேன். என் பொண்டாட்டி ஓடி வந்து சட்டையப் பிடிச்சு இழுத்து வாசல்ல எறிஞ்சா. ஏங்க, உங்களுக்கு அறிவு இருக்கா, தெருவே நாறுதுங்கறா. நான் சட்டைய மூக்குல வெச்சுப் பாத்தேன். வெறும் துணி மேடம். ஈரமான துணி, அவ்வளவுதான். அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. வெளிய சொல்ல முடியுமா? மூக்கு செத்தவன எவன் தொட்டி பக்கத்துல விடுவான்? அவகிட்டயும் சத்தியம் வாங்கிக்கிட்டேன். அவளும் சொல்லாமலே போயிட்டா.

அதுல இருந்து நான் மூஞ்சியப் படிக்கக் கத்துக்கிட்டேன். யாராவது ஒண்ணத் தூக்கிட்டு வந்தா நான் அத மோந்து பாக்கற மாதிரி குனிவேன், கண்ணு அவங்க மூஞ்சியில இருக்கும். கெட்டதுன்னு முடிவு பண்ணிட்டு வர்றவங்களுக்கு மேல் உதடு லேசாச் சுருங்கியிருக்கும். நல்லாருக்குன்னு சொல்லணும்னு வர்றவங்க மூச்ச அடக்கிகிட்டு என்னப் பாப்பாங்க. அவங்க என்ன நெனச்சாங்களோ அதையே நான் சொல்லிடுவேன். எல்லாரும் சந்தோஷமாப் போவாங்க. பங்க்குலயும் அப்படியே ஓட்டிட்டேன். பக்கத்துல நிக்கறவன் மூக்கப் பொத்தினா நானும் ஒழுகுதுடான்னு மொதல் ஆளா ஓடுவேன்.

போன வருஷம் ஒரு நாள் என் மக ஒரு டம்ளர்ல தண்ணி எடுத்துட்டு வந்தா. அப்பா, தண்ணி ஒரு மாதிரி இருக்குப்பா, உனக்குத் தெரியுதான்னு கேட்டா. நான் அவ மூஞ்சியப் பாத்தேன். அவ மூச்ச அடக்கிகிட்டு நின்னா. இல்லன்னு சொல்லு அப்பான்னு எழுதி ஒட்டியிருந்துச்சு. அப்ப அவளுக்கு மூணு மாசம். மாசமா இருக்கறவளுக்கு எல்லாம்தான் நாறும், சோப்பு நாறும், புருஷன் நாறுவான். ஒண்ணும் இல்ல பாப்பா, குடின்னு சொன்னேன். அந்த டம்ளர அங்கயே நின்னு குடிச்சா.

அது அஞ்சாம் மாசம் தங்கல.

இதனாலதான்னு நான் சொல்லல. டாக்டரும் காரணம் சொல்லல. உங்களாலயும் சொல்ல முடியாதுன்னு தெரியும், தலைய ஆட்டாதீங்க. இந்தத் தடவ ரெண்டாவது மாசத்துல மறுபடி வந்து கேட்டா. எனக்குத்தான் பிரமையாப்பான்னா. பிரமைதான், வேணும்னா கொதிக்க வெச்சுக் குடின்னேன். அப்புறம் அவ கேக்கவே இல்ல. பங்க்குல இருந்த மனுஷனே ஒண்ணும் இல்லங்கறாரு, உங்களுக்கு என்னன்னு மாப்பிள்ளையோட சண்ட கூடப் போட்டா, எனக்காக.

இன்னைக்கு நீங்க வந்து கெணத்து மூடியத் தூக்கினீங்கல்ல, நான் கெணத்தப் பாக்கல. உங்களத்தான் பாத்துகிட்டு நின்னேன். என் மக வயசுப் பொண்ணு, யாருக்கும் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாத மூஞ்சி. நீங்க ஒரு எட்டு பின்னால போயி முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டீங்க. அப்புறம் தொண்டையச் செருமிட்டு ஆழம் எவ்வளவுன்னு கேட்டீங்க. அதுல இருந்துதான் நான் பேசிகிட்டே இருக்கேன். நிறுத்தினா நீங்க சொல்லிடுவீங்கன்னு.

ஆமான்னே போட்டுக்கோங்க அந்தக் கட்டத்துல. எத்தன நாளான்னு கேட்டா பதினாறு மாசம்னு எழுதுங்க. சொன்னது என் மகதான்னு எழுதுங்க. என் பேரு வேணாம்.

அடுப்பு பத்த வெக்கிற சத்தம் கேக்குதா? எழுந்துட்டா. உங்களுக்கு டீ வெக்கிறா, மோட்டாருக்கு வந்தவங்கன்னு. இருங்க மேடம், போயிடாதீங்க, நான் சொல்றப்போ நீங்க பக்கத்துல நின்னா போதும்.

பாப்பா, அடுப்ப அணச்சிடு. அணச்சிட்டு வெளிய வா. அந்தத் தண்ணியத் தொடாத, அப்படியே வெச்சிட்டு வா. இல்லடா, மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல, இவங்க மோட்டார் பாக்க வந்தவங்க இல்ல. மெதுவா, படி பாத்து எறங்கு. இப்படி நெழல்ல உக்காரு. பயப்படாத, அப்பா ஒண்ணு சொல்லணும். நீ ரெண்டு தடவையும் சரியாத்தான் சொன்ன.